கேட் பாஸ் இல்லாமல் வெளியேறிய மவுத் ஆர்கன்காரர்

விதி இதுதான்: தொழிற்சாலைக்குள் இருக்கும் எந்தப் பொருளும், உரிய அதிகாரி கையொப்பமிட்ட கேட் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. திரும்பி வர வேண்டிய பொருளுக்கு ஒரு பாஸ். திரும்பி வராத பொருளுக்கு வேறொரு பாஸ். பொருள் உடைந்ததா, யாருக்கும் வேண்டாததா, வெறும் மரத்தூளா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

ஆவடியில் பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் இந்த விதியை நிறைவேற்றுவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. ஒருமுறை பொது மேலாளரின் நாற்காலி பாலீஷ் போட வெளியே போனது. பாஸில் 'நாற்காலி, ஒன்று' என்று இருந்தது. வண்டியில் நாற்காலியோடு ஒரு குஷனும் இருந்தது. குஷனை இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை விட்டேன். தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரும் இனிப்புப் பெட்டிகளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு லட்டுகூட என் வாய்க்குள் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது தேவைப்படும்.

அப்படிப்பட்ட என்னையே யாரோ பாஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது நாங்கள் காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறோம், நானும் மனைவியும். எனக்கு மவுத் ஆர்கன் வாசிக்கும் பழக்கம் உண்டு. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை, இரவுப் பணியில் தூக்கம் வராமலிருக்க ஊதத் தொடங்கியது. குவார்ட்டர்ஸில் இருந்தவரை அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு சத்தம் இருந்ததால் அது எடுபடவில்லை. இங்கே சுவர்கள் மெல்லியவை. "வெளிய போய் ஊதிட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் சாயங்காலங்களில் பூந்தமல்லி சாலைக்குப் போய், மெட்ரோ தூண் ஒன்றின் அடியில் இருக்கும் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். மேலே பாலம் இருப்பதால் ஒலி அங்கே கொஞ்சம் தங்கும். எதிரே பஸ் நிறுத்தம். பத்தடி தள்ளி ஒருவர் மூங்கில் கழியில் புல்லாங்குழல்களைச் செருகி வைத்து ஊதி விற்பார்.

ஒரு விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மேல்வரிசைப் பற்கள் என்னுடையவை அல்ல, செட். அதை மாட்டிக்கொண்டு வாசித்தால் ஊதும்போதும் உறிஞ்சும்போதும் டக்டக்கென்று இடிக்கும். ஆகவே கழற்றி, தண்ணீர் ஊற்றிய ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, காலடியில் வைத்துக்கொள்வேன். டப்பாவின் மூடி மிகவும் இறுக்கம். ஒருமுறை மூடிவிட்டுத் திறக்கப் போய், தண்ணீரோடு பல் செட்டும் எகிறிச் சாலையில் விழுந்து, ஷேர் ஆட்டோ ஒன்று மயிரிழையில் விலகிப் போனது. அதிலிருந்து மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திறந்தபடியே விடுகிறேன். ஒரு பெண்மணி ஒருநாள் காசு போடக் குனிந்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். காசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். அதைத் தவிர அந்த டப்பாவால் எந்தச் சம்பவமும் நடந்ததில்லை.

மூன்றாம் மாடியில் ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். கணவர் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர். இவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் பால்கனித் தொட்டிச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் எங்கள் துணிக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. முறைப்படி சங்கச் செயலாளருக்கு எழுத வேண்டும். அவர் வெளியூரில் இருந்ததால், வாய்மொழியாகத் தெரிவிக்கலாம் என்று மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. பெரிய டிவியில் ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தது. கையில் பொத்தான்கள் வைத்த சாதனத்தோடு அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அங்கிள், உக்காருங்க. ஒரு நிமிசம்ங்க, இந்த லாரிய மட்டும் கொண்டுபோயி நிறுத்தீட்டு வந்தர்றேன்."

அது வீடியோ கேம் என்று சொன்னாள். ஒரு முழு நகரத்தையே உள்ளே கட்டி வைத்திருக்கிறார்களாம். கதைப்படி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் காலமெல்லாம் ஊர் சுற்றிக்கொண்டும் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த சில அலுவலகங்களை நினைத்துக்கொண்டேன். கடலும் மலையும் அருகருகே இருந்த அந்த ஊர் எந்த ஊரும் இல்லை. கடைப் பலகைகளில் இருந்தது எந்த மொழியும் இல்லை. ஆனால் லாரி ஒரு சாலையில் திரும்பியதும் வரிசையாக மெட்ரோ தூண்கள் வந்தன. ஒரு தூணடியில் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்ட ஒருவர் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா."

"லாரியவாங்க?"

"எல்லாத்தையும்."

முகம் என்னுடையது அல்ல. அடர்ந்த மீசை, தலை நிறைய முடி, நாற்பது வயதிருக்கும். ஆனால் வாசித்து முடித்ததும் ஆர்கனை உள்ளங்கையில் தட்டி, பிறகு இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, வேட்டி நுனியால் துடைத்தார். அது நான். பிறகு இடது மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தை எப்போதும் உள்பக்கமாகத்தான் கட்டுவேன். வாசலில் பாஸைப் பதிவேட்டில் எழுதும்போது மணி பார்க்க வசதி. அந்த ஆளின் கையில் கடிகாரமே இல்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, திருப்தியோடு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

அப்போதும் தற்செயலாக இருக்கலாம் என்றே நினைத்தேன். என் மவுத் ஆர்கனில் ஒரு துளை ஊமை. உள்ளே சுரம் எழுப்பும் ரீடு தகடு உடைந்து வெகு நாளாயிற்று. அந்தச் சுரம் வரும் இடத்தில் வெறும் காற்று மட்டும் வரும். நான் தாண்டிப் போய்விடுவேன். தூணடி ஆசாமியும் அதே இடத்தில் 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டுத் தாண்டிப் போனார்.

அவர் காலடியில் ஓர் எவர்சில்வர் டப்பா திறந்திருந்தது. வழியில் போன ஒருவன் நின்று, பைக்குள் கைவிட்டு, குனிந்து காசு போட்டான். 'டிங்' என்று சத்தம் வந்தது. ஆசாமி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலும் என்னுடையதுதான். நான் தாளத்துக்கு ஆட்டுவது. காசுக்குப் பின்னால் வைத்ததும் அது நன்றியாகிவிட்டது.

"யார் இது?" என்றேன்.

"அது சும்மா பின்னாடி இருக்கறவருங்க அங்கிள். எல்லாத் தெருவுலயும் இப்படி ரெண்டு பேரு இருப்பாங்க. ஊரு மாதிரி தெரியோணும்ல. கதைக்குள்ளாற வர மாட்டாருங்க."

"எப்ப வீட்டுக்குப் போவார்?"

"போக மாட்டாருங்க."

"மழை பெஞ்சா?"

"அப்பவும் வாசிச்சுட்டேதான் இருப்பாரு. ஏனுங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கை எதிலோ பட்டு, லாரி தூணில் மோதியது. ஆசாமி இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு அலறியபடி ஓடினார். சற்று நேரத்தில் நடந்து வந்து, அதே திட்டில் உட்கார்ந்து, அதே இடத்தில் 'ஸ்ஸ்' என்றார். விபத்து அறிக்கை எதுவும் இல்லை. தண்ணீர் சொட்டும் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரு பொருள் வெளியே போயிருந்தால், யாரோ ஒருவர் அதை எடுத்திருக்க வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் இதில் நான் தவறியதில்லை. முதல் சந்தேகம் அந்தப் பெண்மேலேயே விழுந்தது. அவள் படுக்கையறை ஜன்னலிலிருந்து தூண் தெரியும். கம்ப்யூட்டர் வேலை வேறு. கேட்டதற்கு, "நான் விளையாடறவ அங்கிள், செய்யறவ இல்லீங்க" என்றாள். எந்தக் குற்றவாளியும் சொல்லக்கூடியதுதான். இரண்டாவது, தூணுக்கு நேர் எதிரே கேமரா மாட்டியிருக்கும் மருந்துக் கடை. அங்கே போய்க் கேட்டேன். கேமரா போன வருடத்திலிருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். திருடர்களுக்குத் தெரியாத இந்த விஷயத்தை என்னிடம் ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்ல வேண்டும்?

மூன்றாவது, புல்லாங்குழல்காரர். தினமும் பத்தடி தூரத்தில் நிற்பவர். என் முழங்கால் தட்டலை அவரைவிட யார் அதிகம் பார்த்திருக்க முடியும்?

"உங்கிட்ட யாராவது கேமராவோட வந்து பேசினாங்களா?"

"டெய்லி அத்தினி பேரு செல்ல தூக்கிக்கினு போறான் நைனா. எவன் படம் புடிக்கிறான், எவன் மூஞ்சி பாத்துக்கினு போறான்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"மறைக்காதே."

"மறைக்க எங்கையில இன்னா கீது? சட்டப் பாக்கெட்டே கியிஞ்சி கீது, பாரு."

கிழிந்துதான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அதுவல்ல.

"உன்ன போட்டவன் என்ன ஏன் வுட்டான்? நானும் இங்கதானே நின்னுகினு கீறேன்? பல்லு இல்லாதவன் ஈரோ, பல்லு வெச்சிகினு கீறவன் டம்மியா?"

"ஹீரோ இல்லப்பா. கதையில வராதவன். சும்மா பின்னாடி இருக்கறவன்."

"நானும் பின்னாடிதானே கீறேன்!"

உண்மையாகவே புண்பட்டிருந்தார். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. நடிப்பாகவும் இருக்கலாம்.

வீட்டில் விசாரணை வேறு விதமாக நடந்தது. அங்கே விசாரிக்கப்பட்டவன் நான்.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. அந்த டப்பாவுல யாராவது காசு போட்டாங்களா?"

"இல்லை. ஒரு அம்மா குனிஞ்சாங்க. பல்லைப் பாத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப போட வந்தாங்க."

"போடல."

"வந்தாங்கள்ல? உங்களப் பாத்து ஒருத்தருக்குப் போடணும்னு தோணியிருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல? மூடி வைங்க, மூடி வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

இவள் வாசலில் உட்கார்ந்திருந்தால் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆணிகூட வெளியே போயிருக்காது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். மூன்றாம் மாடிப் பெண், 'நம்ம அங்கிள் மாதிரியே ஒருத்தர்' என்று அந்தக் காட்சியைக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டாள். குடியிருப்பில் எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற இன்னொருவரும் இருக்கிறார். அவர் வழியாக அது ஓய்வூதியர்கள் குழுவுக்குப் போனது. காசு விழுந்து தலையாட்டும் இடத்தை மட்டும் யாரோ தனியாக வெட்டியிருந்தார்கள். அதன்கீழ் ஒருவர் எழுதியிருந்தார்: 'லட்டு வேணாம், சில்லறையாக் குடுங்கன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்.' சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. சிரித்தவர்களில் பாதிப் பேரின் சாப்பாட்டு டப்பாவை நான் வாசலில் திறந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது ஓய்வுக்குப் பின் கிடைத்த போனஸ்.

எவ்வளவோ வருடம் கையை நீட்டாமல் இருந்துவிட்டு வந்தவன், முகம் தெரியாதவர்களின் வீட்டு டிவியிலெல்லாம் டப்பாவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி பகல் இல்லாமல், மழையிலும்கூட. இறந்த பிறகும் உட்கார்ந்திருப்பேன். அந்த டப்பா அங்கிருந்து போக வேண்டும். அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தூணடிக்குப் போவதை நிறுத்தினேன். பல் செட் நாள் முழுக்க வாயிலேயே இருந்தது.

கேமைச் செய்தவர்களுக்கு எழுத ஒரு மின்னஞ்சல் முகவரியை அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்தாள். சின்னக் குழுதானாம், நாலைந்து பேர் இருப்பார்களாம், அவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்கும் போடவில்லையாம். முகவரி தராத நிறுவனம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பொருள், பார்வை, பத்தி எண்களோடு ஆங்கிலத்தில் மனுவைத் தயாரித்தேன். அலுவலகத்தில் நாங்கள் கற்ற முதல் பாடம், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது. சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். ஆகவே மேற்படி தூணின் அடியில் அமர்ந்துள்ள உருவத்தின் முன் காணப்படும் கொள்கலன் தனிப்பட்ட உடைமை சார்ந்தது என்றும், அதை உடனடியாக நீக்க வேண்டும் என்றும் மட்டும் எழுதினேன். உடைமை எது என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

அனுப்பிய மறுகணம் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, எங்களுக்கு நீங்கள் மிக முக்கியமானவர் என்றது. கண் இமைக்கும் நேரத்தில் என்னை முக்கியமானவன் என்று முடிவு செய்யும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. இதைப் பதிலாகக் கணக்கில் எடுக்க முடியாது. ஒப்புகை என்று வைத்துக்கொண்டேன். பிறகு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் அதே வேகத்தில் அதே நன்றி. மீண்டும் அனுப்பினேன். மீண்டும் முக்கியமானவன் ஆனேன்.

தீபாவளி கழிந்து ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது.

"அங்கிள்! ஓடியாங்க, டப்பா போயிருச்சுங்க!"

மனைவியும் கூடவே வந்தாள். தூணடி தெரிந்தது. ஆசாமி வாசித்துக்கொண்டிருந்தார். காலடியில் டப்பா இல்லை, மூடி இல்லை, ஒன்றுமே இல்லை. விதிப்படி நடந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் மரியாதை வந்தது. வழியில் போன ஒருவன் நின்றான். பைக்குள் கைவிட்டான். குனிந்தான். வெறும் தார்ச்சாலையில் காசைப் போட்டான். 'டிங்' என்று எவர்சில்வர் சத்தம் வந்தது. ஆசாமி தலையை ஆட்டினார். அடுத்து ஒரு பெண் வந்து ரோட்டில் காசைப் போட்டாள். டிங். தலையாட்டல்.

டப்பா இருந்தபோது, அது வேறு எதற்கோ வைத்தது என்று வாதாடவாவது இடம் இருந்தது. இப்போது என் காலடியில் காசை வீசுகிறார்கள். நான் நன்றி சொல்கிறேன்.

"என்னன்னு எழுதுனீங்க அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். போனில் மனுவைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தாள்.

"எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டாங்க. அதுல என்ன இருந்துச்சுன்னே நீங்க சொல்லலீங்களே?"

"அவங்க கேக்கல."

"கேக்கலைன்னா என்னங்க? காசு வாங்கற டப்பான்னுதான அவங்க நெனச்சிருக்காங்க? சரி, என்னதாங்க இருந்துச்சு?"

நான் டிவியைப் பார்த்தேன். டிங்.

"பல்லு," என்றாள் மனைவி. "மேல் செட்டு. தண்ணில போட்டு வெச்சிருப்பாரு."

அந்தப் பெண் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவ்வளவு வெளிப்படையாகச் சிரிப்பவள் திருட்டுத்தனமாகப் படம் எடுத்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. சந்தேகத்தை முழுக்க விலக்கிக்கொள்ளவில்லை, ஒத்தி வைத்தேன்.

"இத மொதல்லயே எழுதியிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும் அங்கிள்!" என்றாள்.

பல் இல்லாதவன் என்று ஊர் உலகத்துக்கு எழுதிக் கொடுப்பதா, பிச்சைக்காரன் என்று இருந்துவிட்டுப் போவதா? சில நாள் இந்த யோசனையிலேயே போயிற்று. ஒரு மாலை மருந்து வாங்கப் போனபோது புல்லாங்குழல்காரர் வழி மறித்தார். கோபம் ஆறியிருந்தது.

"இன்னா நைனா, ஆளையே காணோம்? நீ ஊதுனாத்தான் பஸ்ஸுக்கு நிக்கிற சனம் இந்தாண்ட திரும்புது. திரும்புனாத்தான் என் கொயலு கண்ணுல படுது. ரெண்டு மாசமா ஈ ஓட்டிக்கினு கீறேன்."

"அந்த டப்பா விஷயம் முடியட்டும்பா."

"ஒரு பொம்ம பிச்ச எடுத்தா உனுக்கு இன்னா? அந்தப் பொம்மைக்குப் பல்லு கீதா?"

யோசித்தேன். மீசைக்குக் கீழே வரிசையாக இருந்தன. "இருக்கு. மேலயும் கீழயும்."

"அப்ப அது நீ இல்ல. முடிஞ்சிது மேட்டரு. நாளைலேர்ந்து வந்துரு."

அடையாளம் காணும் முறையில் அவர் சொன்னதில் சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாதம் ஓய்வூதியர் குழுவில் எடுபடாது.

அன்றே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். இம்முறை தமிழில், பத்தி எண் இல்லாமல். படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் படிக்கட்டும். டப்பாவில் இருந்தது என் மேல்வரிசைப் பல் செட் என்று எழுதினேன். மூடி ஏன் திறந்திருந்தது, ஷேர் ஆட்டோ எப்படி விலகிப் போனது, காசு போட வந்த பெண்மணி எதைப் பார்த்துப் பின்வாங்கினார் என்றெல்லாம் எழுதினேன். வாசல் வேலை பார்த்தவன், ஒரு லட்டு வாங்காதவன் என்பதையும் எழுதிவிட்டேன். கேட்காமலே சொன்னதில் அதுதான் பெரியது. கடைசியில், டப்பாவை நீக்கச் சொன்னது என் தவறான கோரிக்கை, அதைத் திரும்ப வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி செய்யுங்கள் என்று கேட்டேன். திரும்பி வர வேண்டிய பொருள் என்று கருதவும்.

அனுப்பியதும் வழக்கமான நன்றி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. மார்கழி பிறந்தது. குழுவில் சிரிப்பு ஓய்ந்து, மருத்துவக் காப்பீட்டுப் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள். கேமில் என்ன நடக்கிறது என்று நான் மேலே போய்ப் பார்க்கவில்லை. பொங்கலுக்குக் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டன. மூன்றாம் மாடிப் பெண்ணும் கணவரும் ஈரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்து பல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்த ஒலி கேட்டது. கேம் குழுவின் முகவரியிலிருந்து. நன்றியும் இல்லை, முக்கியமானவரும் இல்லை. தமிழில் இருந்தது.

'ஐயா, டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டோம். மூடி பக்கத்திலேயே இருக்கிறது. இனிமேல் காசு போட வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டுக் காசோடு போய்விடுவார்கள். வாசித்து முடித்ததும் அவர் பல்லை எடுத்து மாட்டிக்கொள்வார். கைக்கடிகாரமும் கட்டிவிட்டோம், உள்பக்கமாக. கேட்காமல் எடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். தூணடியில் இப்போதெல்லாம் யாரும் வாசிப்பதில்லையே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?'

இரண்டு முறை படித்தேன். கடிகாரத்தைப் பற்றி எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. வாசிப்பதை நிறுத்தியதையும் எழுதவில்லை. எழுதியவர் அந்தச் சாலையில் போய் வருகிறவர். எதிரே நிற்கும் யாரோ.

சொன்னதைச் செய்திருக்கிறார்களா என்று சரிபார்க்க வழியில்லை. மூன்றாம் மாடி பூட்டியிருந்தது. நேரில் பார்க்காமல் எந்தப் பொருளும் திரும்பி வந்துவிட்டதாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

சமையலறை அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

"மூடியப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள் மனைவி. போட்டுக்கொண்டுதான் போனேன். தூணடியில் உட்கார்ந்ததும் தண்ணீர் சிந்தாமல் மெதுவாகத் திறந்து, பல்லைக் கழற்றிப் போட்டு, மூடியைப் பக்கத்தில் வைத்தேன். பஸ் நிறுத்தத்தில் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் தூக்குவாளிகளோடு நெரிசலாக நின்றிருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நான்கைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் உடனே போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கண்ணாடி போட்ட ஒரு பெண் பஸ் வந்தும் ஏறாமல் நின்றாள். யாராகவும் இருக்கலாம்.

"வந்துட்டியா நைனா," என்று புல்லாங்குழல்காரர் கழியைத் தூக்கிக்கொண்டு ஓரடி கிட்டே வந்து நின்றார். இந்த முறை யாராவது படம் எடுத்தால் தானும் விழ வேண்டும் என்ற கணக்கு.

வாசித்தேன். ஊமைத் துளை வந்தது, தாண்டிப் போனேன். முடித்து, உள்ளங்கையில் தட்டி, முழங்காலில் தட்டி, மணி பார்த்தேன்.

அந்தப் பதிலில் பெயர் இல்லை, பதவி இல்லை, கோப்பு எண் இல்லை. தேதி மட்டும் இருந்தது. எந்த அலுவலகமும் திறந்திராத காணும் பொங்கல்.